பீப்பாய் நகர் மக்களின் தொன்மையான வழக்கம்

ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம். மனித குலம் இதுவரை திரட்டிய அறிவனைத்தையும் இலவசமாக வழங்கும் 'பொதுக்களஞ்சியம்' என்ற இணையதளத்தில், மெஹ்னாஸ் எழுதிய வாக்கியம் உயிரோடு இருந்த காலம் அவ்வளவுதான்.

முற்காலத்தில் ஓர் உண்மையை அழிக்க நூலகத்தையே கொளுத்த வேண்டியிருந்தது. அதற்குப் படை வேண்டும், தீவட்டி வேண்டும், ஊரார் சாபம் வேறு. இப்போது ஒரு பொத்தான் போதும். சாபத்துக்குப் பதிலாக, எழுதியவருக்கு "தங்கள் பங்களிப்புக்கு நன்றி" என்று ஒரு வாழ்த்தும் தானாகவே போய்விடுகிறது. நாகரிகம் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது.

அழிந்த வாக்கியம் இது: "பீப்பாய் நகரில் மாலை ஐந்து மணிக்கு மேல் அழுகிய முட்டை நாற்றம் வீசும்."

பீப்பாய் நகர் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், சாலையை அடைத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் இருக்கிறது. லாரி நகர்ந்தால் தெரியும். ஊரை ஒட்டி ஒரு ரசாயனக் கம்பெனி. அதன் பெயர் எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் சொல்வதில்லை. 'கம்பெனி' என்றால் போதும்.

மெஹ்னாஸ் வேதியியல் பட்டதாரி. பேசாத பெண். பேருந்தில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் குரல் கொடுக்கத் தயங்கி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருபவள். வாயைத் திறக்காமல் உலகத்துக்குச் சேவை செய்யலாம் என்று கேள்விப்பட்டுத்தான் களஞ்சியத்தில் தன்னார்வத் தொகுப்பாளராகச் சேர்ந்தாள். தனிமங்களைப் பற்றிய கட்டுரைகளில் பிழை திருத்தினாள். மாலிப்டினத்தின் உருகுநிலையைச் சரிசெய்ததற்காக அவளுக்கு ஒரு 'பதக்கம்' கிடைத்தது. பதக்கம் என்றால் நட்சத்திரம் போட்ட ஒரு படம். காத்தூன் பீவி அதைப் பார்த்து, "உருக்கி இன்னாடி பண்ணலாம் இத?" என்று மகளைக் கேட்டாள்.

மாலிப்டினத்தோடு நிம்மதியாக இருந்தவளை நாற்றத்தின் பக்கம் திருப்பிவிட்டவன் அவள் தம்பி ஒவைஸ். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தவன் தட்டின் முன் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான்.

"அக்கா, கம்பெனிக்காரன் ரெண்டாவது பிளான்ட் போடப்போறான்ல? அதுக்கு பொல்யூசன் ரிப்போர்ட் எழுதற ஆபீசரு இன்னிக்கு நம்ம வண்டிலதான் வந்தாரு. பேரு டெரிக்கு."

"ஊரச் சுத்திப் பாத்தாராடா?" என்றாள் காத்தூன் பீவி.

"எங்க பாத்தாரு? 'கண்ணாடிய ஏத்துப்பா'ன்றாரு. ஷேர் ஆட்டோல ஏதும்மா கண்ணாடி? கர்ச்சீப்ப மூக்குல வெச்சுகினு, போனையே பாத்துகினு வந்தாரு. போன்ல இன்னா தெரியுமா? அக்கா எழுதுதே, அந்தக் களஞ்சியம். நம்ம ஏரியாவப் பத்தி அதுல போட்டுகீறத அப்டியே காப்பி அடிச்சுகினு கீறாரு. 'சார், நாத்தத்தப் பத்தி எழுதினியா'ன்னேன். 'இதுல இருந்தா எழுதுவேம்பா. இல்லன்னா இல்லதான்'ன்றாரு."

மெஹ்னாஸின் கை சோற்றிலேயே நின்றது.

இரண்டாவது ஆலையின் சுவர், வரைபடத்தின்படி, அவர்கள் வீட்டுச் சமையலறை சன்னலுக்கு நேர் எதிரே வருகிறது. முதல் ஆலை ஊரின் மறு கோடியில் இருக்கும்போதே காத்தூன் பீவி இரவில் படுத்துத் தூங்குவதில்லை. சுவரில் சாய்ந்து, இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்து தூங்குகிறாள். வீட்டை மாற்றச் சொன்ன டாக்டரிடம், "நான் எதுக்கு சார் போவணும்? நாத்தத்தப் போவச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

களஞ்சியத்தில் அந்த வாக்கியம் இருந்தால் அறிக்கையிலும் இருக்கும். அறிக்கையில் இருந்தால் சுவர் எழும்பாது. அறிவியல் படித்தவளுக்கு இது எளிய சமன்பாடாகத் தெரிந்தது. அன்று மாலையே எழுதினாள். அன்று இரவே அது போய்விட்டது.

நீக்கியவர் தேவப்பிரியம். களஞ்சியத்தின் மூத்த நிர்வாகி, ராயபுரத்துக்காரர், பணி ஓய்வு பெற்றவர். அவரது நடுநிலை உலகப் புகழ் பெற்றது. இங்கே 'உலகம்' என்பது களஞ்சியத்தின் உரையாடல் பக்கங்களைக் குறிக்கும். தான் பிறந்த தெருவைப் பற்றித் தானே எழுதிய பத்தியை, மறுநாள் காலை "சான்று இல்லை" என்று தானே நீக்கி, தனக்கே எச்சரிக்கை அனுப்பிக்கொண்டவர். அப்படிப்பட்ட மனிதரிடம் நாற்றம் எம்மாத்திரம்?

"அன்புடையீர்," என்று உரையாடல் பக்கத்தில் எழுதியிருந்தார். "நாற்றத்துக்குச் சான்று தேவை."

"ஐயா, நான் இங்கேதான் வசிக்கிறேன். தினமும் முகர்கிறேன்," என்று மெஹ்னாஸ் பதில் எழுதினாள்.

"அது 'சொந்த ஆய்வு'. தொகுப்பாளரின் உடலுறுப்புகள் சான்றாகா."

மெஹ்னாஸ் பாடநூலைக் காட்டினாள். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அழுகிய முட்டை நாற்றம் உடையது. பக்க எண்ணும் கொடுத்தாள்.

"அந்த வாயு நாறும் என்பதற்கு இது சிறந்த சான்று. அது பீப்பாய் நகருக்கு வந்தது என்பதற்குச் சான்று எங்கே?"

வாயு பயணச்சீட்டு எடுக்காமல் வருவது என்பதால் அவளால் காட்ட முடியவில்லை. தெருவாசிகள் எழுதிக் கையெழுத்திட்ட மனுவைப் படமெடுத்துப் போட்டாள். "மக்கள் தம்மைப் பற்றித் தாமே கூறுவது தற்புகழ்ச்சி விதியின் கீழ் வரும்" என்று பதில் வந்தது. கட்டுரையிலோ, "இப்பகுதியில் முன்பு இருந்த நாற்றம் நவீனத் தொழில்நுட்பத்தால் முற்றிலும் நீக்கப்பட்டது" என்று ஒரு வாக்கியம் பல ஆண்டுகளாகக் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. அதற்குச் சான்று, கம்பெனியின் வழவழப்பான ஆண்டு மலர். அச்சில் வந்ததை யார் மறுக்க முடியும்?

இந்த நிலையில் செங்கொடி என்ற தொகுப்பாளர் சமரசத்துக்கு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியை. 'நாற்றம்' ஒருதலைப்பட்சமான சொல் என்றார். 'அழுகிய' என்பது முட்டையைப் புண்படுத்தும் என்றார். கருத்தொருமிப்புக்காக அவர் முன்வைத்த வாக்கியம் களஞ்சிய நடையின் உச்சம் என்று இன்றும் புதியவர்களுக்குக் காட்டப்படுகிறது:

"இப்பகுதியில் மாலை வேளைகளில் வயது முதிர்ந்த முட்டையை நினைவூட்டக்கூடிய ஒரு மணம் இருக்கக்கூடும் எனச் சிலரால் கருதப்படுவதாகச் சொல்லப்படுகிறது."

அதையும் தேவப்பிரியம் நீக்கினார். அவர் எழுதிய காரணம் ஒரே சொல்: 'யாரால்?'

ஒவைஸ் அக்காவின் தோளுக்கு மேலாக இதையெல்லாம் படித்தான். "அக்கா, நம்ம ஊர்ல நாறுதுன்னு சொல்றதுக்குக் கோயம்புத்தூர்லேர்ந்து பர்மிசன் வாங்கணுமா?"

"விதி அப்படிடா."

"விதியா? சரியான பேஜாருக்கா இது."

ஆனால் தேவப்பிரியத்தைக் குறை சொல்ல முடியாது. அவர் நேர்மையானவர். ஒரு சனிக்கிழமை மாலை, யாரிடமும் சொல்லாமல், கேமராவை மாட்டிக்கொண்டு பீப்பாய் நகருக்கே நேரில் வந்துவிட்டார். தெரு முழுக்கச் சுற்றினார். மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். நாற்றம் ஏதும் இல்லை. என்றாலும் "நாற்றம் இல்லை" என்று அவர் கட்டுரையில் எழுதவில்லை. அதுவும் சொந்த ஆய்வாகிவிடுமே! அவ்வளவு நேர்மை.

ஆனால் வேறொன்று அவர் கண்ணில் பட்டது. தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் சேலைத் தலைப்பாலோ துப்பட்டாவாலோ கைக்குட்டையாலோ மூக்கை மூடிக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தைக்குக்கூட ஒரு துணி. கருவாடு விற்றுக்கொண்டிருந்த குப்பம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, நீங்கள் எல்லாரும் ஏன் மூக்கை மூடிக்கொள்கிறீர்கள்?"

குப்பம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எந்த ஊரு சாமி? எங்க அம்மா காலத்துலேர்ந்து மூடிகினுதான் கீறோம். இன்னிக்கி வந்து கேக்கற."

மறுநாள் காலை, பீப்பாய் நகர்க் கட்டுரையில் 'மக்களும் பண்பாடும்' என்று ஒரு புதிய பகுதி தோன்றியது.

"இப்பகுதி மக்கள் அந்தி வேளையில் துணியால் மூக்கை மூடிக்கொள்ளும் தொன்மையான வழக்கம் உடையவர்கள். தாய்வழியாக வரும் இம்மரபின் தோற்றம் அறியப்படவில்லை."

கீழே ஆறு படங்கள். ஒரு படத்தில் காத்தூன் பீவி, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, கண்கள் மட்டும் தெரிய நின்றாள். "மரபு உடையில் மூதாட்டி" என்று அதற்கு விளக்கம். களஞ்சிய விதிப்படி மூக்கு சான்றாகாது, படம் சான்றாகும்.

"இன்னாடி இது," என்றாள் காத்தூன் பீவி. நான்கு வார்த்தைக்கு ஒருமுறை அவளுக்கு மூச்சு வாங்கியது. "நாம மூக்கப் பொத்திகினு சாவறது இந்தாளுக்குக் கும்மியாட்டம் மாதிரி தெரியுதா? மூதாட்டியாம். யாருடி மூதாட்டி?"

அறிவுலகம் வேகமாக இயங்கியது. செங்கொடி தம் கல்லூரி ஆய்விதழில் "மூக்குமூடல்: கடலோர வாழ்வில் உடல்மொழியும் தெய்வ அச்சமும்" என்று கட்டுரை எழுதினார். காற்றில் வரும் கடல் தெய்வத்தின் முன் மூச்சை அடக்கி நிற்கும் பணிவு அது என்பது அவர் முடிவு. அவருக்குச் சான்று தேவப்பிரியம் எழுதிய பகுதி. தேவப்பிரியம் எழுதிய பகுதிக்கு இப்போது அவர் சான்று. கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. "மரபைக் காப்போம்" என்று பூவேலை செய்து, வெட்டிவேர் வாசனை ஏற்றிய கைக்குட்டைகளை ரேஷன் கடை வாசலில் இலவசமாக வழங்கியது.

"அக்கா, எழுதி எழுதி நீ இவனுங்கள ஒண்ணும் பண்ண முடியாது," என்றான் ஒவைஸ். "எல்லாரையும் இங்க இட்டுகினு வா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு நிக்க வை. மூக்குன்னு ஒண்ணு கீதுல்ல எல்லாருக்கும்?"

மெஹ்னாஸ் இரண்டு நாள் யோசித்துவிட்டு, தொகுப்பாளர்களின் ஆண்டுக் கூட்டத்தை பீப்பாய் நகரில் நடத்தலாம் என்று உரையாடல் பக்கத்தில் எழுதினாள். இவ்வளவு எளிதில் எந்த முன்மொழிவும் களஞ்சிய வரலாற்றில் ஏற்கப்பட்டதில்லை. மரபை நேரில் காண எல்லாருக்கும் ஆசை. அறிக்கை எழுதும் டெரிக்கைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார் தேவப்பிரியம். டெரிக் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். "என் அறிக்கை கிட்டத்தட்ட முடிஞ்சுது சார். அன்னைக்கு நீங்க எதை இறுதி பண்றீங்களோ அதை அப்படியே சேர்த்து அனுப்பிடுவேன்," என்றார்.

கூட்டம் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் நடந்தது. வந்தவர்களுக்கு ஒரு பை. பையில் பேனா, பிஸ்கட், கம்பெனியின் கைக்குட்டை. மத்தியானம் பிரியாணி. மெஹ்னாஸ் கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்திருந்தாள். வாக்கெடுப்புக்கான அவளது வாக்கியம் நிகழ்ச்சி நிரலின் கடைசியில் இருந்தது. அதற்குள் ஐந்து மணி ஆக வேண்டுமே என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோதனை சரியாக வேலை செய்தது. ஐந்து அடித்துச் சற்று நேரத்தில், காற்று திரும்பியது. முதலில் சன்னலோரம் இருந்தவர் பேச்சை நிறுத்தினார். பிறகு இரண்டாவது வரிசை. பிறகு மண்டபம் முழுவதும். கைகள் பைக்குள் போயின. கைக்குட்டைகள் வெளியே வந்தன. ஒரு நிமிடத்தில், மேடையில் இருந்த ஒருவரைத் தவிர, அத்தனை பேரும் மூக்கை மூடியிருந்தார்கள்.

அந்த ஒருவர் தேவப்பிரியம். உணர்ச்சிப் பெருக்கில் அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"பாருங்கள்!" என்றார் தழுதழுத்த குரலில். "வெளியூரிலிருந்து வந்தவர்கள்கூட, யாரும் சொல்லாமலே, இந்த மண்ணின் மரபைப் பின்பற்றுகிறார்கள்!"

எல்லாரும் ஒரு கையால் மேசையைத் தட்டினார்கள். இன்னொரு கை ஓய்வாக இல்லை.

வாக்கெடுப்பு தொடங்கியது. பீப்பாய் நகரில் நாற்றம் வீசும் என்ற வாக்கியத்தைச் சேர்க்கலாமா?

செங்கொடி எழுந்தார். கைக்குட்டைக்குள்ளிருந்து அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "நம்பத்தகுந்த சான்று இல்லாததால், ஒரு ஆய்வாளராக, இதை நான் எதிர்க்..." என்றவர் சன்னலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, "...கிறேன்" என்று முடித்தார். "இப்போது நடந்தது என் சொந்த அனுபவம். கூட்டக் குறிப்பில் சேர்க்க வேண்டாம்."

இப்படியல்லவா இருக்க வேண்டும் அறிவுத் துறவு! ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். "சான்று இல்லை." "சான்று இல்லை." ஒருவர் மயங்கிச் சாய்ந்தார், சாயும்போதும் எதிர்ப்புக் கையை இறக்கவில்லை.

மெஹ்னாஸ் மட்டும் ஆதரவாகக் கை தூக்கினாள். அதைத் தோள் உயரத்துக்குத்தான் தூக்கினாள்.

"வாக்கியம் தோற்றது," என்று தேவப்பிரியம் அறிவித்தார். டெரிக் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மடிக்கணினியில் தட்டினார். "அப்ப நாற்றம் இல்லை. மரபு உண்டு. அவ்வளவுதானே? இப்பவே அனுப்பிடறேன்."

மெஹ்னாஸுக்கு வரைபடம் நினைவுக்கு வந்தது. சமையலறை சன்னல், அதற்கு எதிரே ஆலைச் சுவர், வீட்டுச் சுவரில் சாய்ந்து உம்மா.

அப்போது டீ கேனோடு உள்ளே வந்தான் ஒவைஸ். டெரிக் சொன்னது அவன் காதில் விழுந்திருந்தது. கேனை மேடையில் தேவப்பிரியத்தின் முன் டங்கென்று வைத்தான்.

"இன்னா சார் கூத்து இது? அந்தம்மா வாந்தி எடுக்குது, இந்தாளு மயங்கி வுழறான், நாத்தம் இல்லியாம்! நீ இன்னாடான்னா கல்யாண வூட்ல சந்தனம் பூசிகினவன் மாதிரி ஜம்முனு குந்திகினு கீற. கேக்கறேன்னு கோச்சிக்காத சார். உன் மூக்கு வேல செய்யுதா இல்லியா?"

மண்டபம் அதிர்ந்தது. "இது தனிநபர் தாக்குதல்!" என்றார் செங்கொடி. "பயனர் கணக்கைத் தடை செய்ய வேண்டும்!"

"எனக்கு ஏதும்மா கணக்கு?" என்றான் ஒவைஸ். "ஆட்டோதான் கீது."

தேவப்பிரியம் கையமர்த்தினார். எந்தக் கேள்வியையும் கேள்வியாக மட்டுமே பார்ப்பது அவர் வழக்கம்.

"இல்ல தம்பி," என்றார். "வேலை செய்யல."

"அப்ப... இங்க நாறுறது உனக்குத் தெரியவே தெரியாதா?"

"நாறுதா?" தேவப்பிரியம் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். ஒவ்வொரு கைக்குட்டையாகப் பார்த்தார். களஞ்சியத்துக்காக வைத்திருந்த தமிழ் அவரிடமிருந்து கழன்றுவிட்டது. "இப்பவா? ஏன் ஒருத்தரும் சொல்லல? சான்று இல்ல, சான்று இல்லன்னுதானே சொன்னீங்க? உங்க எல்லாருக்கும் மூக்கு இருக்கேன்னு நம்பித்தானே நான் ஓட்டை எண்ணினேன்."

பதில் சொல்ல வேண்டுமென்றால் கைக்குட்டையை எடுக்க வேண்டும்.

மெஹ்னாஸ் எழுந்து நின்றாள். அந்த மண்டபத்தில் அவள் குரலை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"எப்போலேர்ந்து, ஐயா?"

"என்னம்மா?"

"உங்களுக்கு வாசனை தெரியாமப் போனது. எப்போலேர்ந்து?"

மடிக்கணினியின் மேல் டெரிக்கின் விரல் அப்படியே நின்றது. தேவப்பிரியம் கண்களைத் துடைத்துக்கொண்டார். களஞ்சியத்தில் தன்னைப் பற்றி எந்தப் பக்கத்திலும் அவர் எழுதாத ஒன்றைச் சொல்லப்போகிறார் என்பது அவர் தயங்கிய விதத்திலேயே தெரிந்தது.

"வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷத்துலேர்ந்தும்மா. இந்தக் கம்பெனிலதான். ரிட்டயர் ஆகற வரைக்கும் இங்கதான் இருந்தேன்."

"கம்பெனில உங்களுக்கு என்ன வேலை, ஐயா?"

"தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெளிய வந்து மோந்து பாத்துட்டு, நாத்தம் இல்லன்னு கையெழுத்துப் போடற வேலை."